புது உயிரினத்துக்குப் பெயர் சூட்டுவது எப்படி: பல்லியிலிருந்து டைனோசர் வரை

மழைக்காலம் தொடங்கினால் எனக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் வர ஆரம்பித்துவிடும். கொல்லைப்புறச் சிலந்தி, கிணற்றடித் தவளை, மலையேறப் போனவர் பாறையிடுக்கில் பார்த்த பல்லி. கூடவே இரண்டு கேள்விகள் வரும்: "இது புது இனமா? புதுசு என்றால் என் பாட்டி பெயரை வைக்கலாமா?" இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம், வைக்கலாம். ஆனால் இரண்டு கேள்விகளுக்கும் நடுவே பல மாத வேலை கிடக்கிறது. சில சமயம் பல வருட வேலை. அதை எந்த வரிசையில் செய்வது, எந்த இடத்தில் வழுக்கும் என்பதை இங்கே எழுதுகிறேன். டைனோசருக்கும் இதே வரிசைதான்.

நிலம் வாங்கியவர்களுக்கு ஒன்று தெரியும். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும், தகராறு என்று வந்துவிட்டால் சர்வேயர் தேடுவது அளவுக்கல்லைத்தான். அறிவியல் பெயரும் அப்படியே. பெயர் என்பது காகிதத்தில் இருக்கும் இரண்டு சொல். அந்தச் சொற்கள் எந்த உயிரைக் குறிக்கின்றன என்று காட்ட ஓர் எல்லைக்கல் வேண்டும். அதன் பெயர் ஹோலோடைப்: அருங்காட்சியகத்தில் எண் போட்டுப் பாதுகாக்கப்படும் ஒரே ஒரு மூல மாதிரி. புதிதாக வருகிறவர்கள் பெயரை யோசிப்பதிலேயே மனதைச் செலுத்தி, கல்லை நடாமல் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கல்லைப் பற்றித்தான் திரும்பத் திரும்பப் பேசப்போகிறேன்.

விதிகள் யாருடையவை

விலங்குகளுக்குப் பெயரிடும் விதிகளை வகுப்பது அனைத்துலக விலங்கியல் பெயரிடல் ஆணையம். 1895-ல் தொடங்கியது. இப்போது நடப்பில் இருப்பது அதன் விதிநூலின் நான்காம் பதிப்பு. 2000 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. நேற்றுப் பிடித்த தவளைக்கும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மடிந்த டைனோசருக்கும் இந்த ஒரே நூல்தான். செடிகொடிகளுக்கு வேறு விதிநூல் உண்டு. அதனால் ஒரு தாவரமும் ஒரு விலங்கும் ஒரே பெயரை வைத்துக்கொள்ளலாம்; 'மோரஸ்' என்பது முசுக்கொட்டை மரத்துக்கும் பெயர், ஒரு கடற்பறவைப் பேரினத்துக்கும் பெயர்.

பலர் ஆச்சரியப்படும் விஷயம் ஒன்று: பெயர் வைக்க ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆணையம் முத்திரை குத்தித் தருவதும் இல்லை. பெயர் வைப்பவர் பட்டம் பெற்றவரா என்று விதிநூல் கேட்பதும் இல்லை. விதிப்படி அச்சேறினால் பெயர் நிற்கும், மீறினால் நிற்காது. பெயர்களுக்குள் சிக்கல் வந்து யாராவது முறையிட்டால்தான் ஆணையம் தீர்ப்புச் சொல்லும்.

கணக்கு 1758-லிருந்து தொடங்குகிறது. லின்னேயஸின் 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பு அந்த ஆண்டு வந்தது. அதற்கு முந்தைய பெயர்கள் கணக்கில் சேராது. ஒரே விலக்கு சிலந்திகளுக்கு: 1757-ல் கிளர்க் வெளியிட்ட சுவீடன் சிலந்திகள் பற்றிய நூலை விதிநூல் பெயர் சொல்லியே ஏற்றுக்கொள்கிறது. சிலந்தி பார்ப்பவன் என்பதால் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பெயரின் வடிவம் பள்ளியிலேயே படித்ததுதான். முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். லத்தீன் எழுத்தில் எழுதும்போது பேரினம் பெரிய எழுத்தில் தொடங்கும், சிற்றினம் எப்போதும் சின்ன எழுத்தில். இரண்டையும் சாய்வெழுத்தில் அச்சிடுவது வழக்கம். பின்னால் பெயர் வைத்தவரும் ஆண்டும் வரும். அது சில இடங்களில் அடைப்புக்குறிக்குள் இருக்கும், சில இடங்களில் இருக்காது. இது அச்சுப்பிழை என்று நானே முதலில் நினைத்திருந்தேன். உண்மையில் அதற்குப் பொருள் உண்டு. நம் வரையாட்டுக்கு 1838-ல் ஓகில்பி 'கேமாஸ் ஹைலோக்ரியஸ்' என்று பெயர் வைத்தார். பிறகு அது 'ஹெமிட்ராகஸ்' பேரினத்துக்குப் போனது. 2005-ல் அதற்கென்றே 'நீல்கிரிட்ராகஸ்' என்ற தனிப் பேரினம் உண்டாக்கினார்கள். 'ஹைலோக்ரியஸ்' என்ற இரண்டாம் சொல் மட்டும் எல்லா வீட்டுக்கும் கூடவே போனது. பிறந்த வீட்டில் இப்போது இல்லை என்பதைக் காட்டத்தான் ஓகில்பியும் 1838-ம் அடைப்புக்குறிக்குள் இருக்கிறார்கள்.

முதல் படி: புதுசுதானா?

இதுவே நீளமான படி. நமக்குப் புதுசாக இருப்பது அறிவியலுக்குப் புதுசாக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் மாதிரி எந்தப் பேரினம் என்று முதலில் தெரிய வேண்டும். அதன் பிறகு அந்தப் பேரினத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட எல்லா இனங்களின் மூல விவரிப்பையும் தேடிப் படிக்க வேண்டும். பக்கத்து மாநிலத்தில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. சிலந்தி என்றால் உலகச் சிலந்திப் பட்டியல், ஊர்வன என்றால் ரெப்டைல் டேட்டாபேஸ், மீன் என்றால் எஷ்மேயரின் மீன் பட்டியல். மூன்றையும் இணையத்தில் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டுரைகளில் பெரும்பகுதி பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான் தொடங்கியபோது ஒரு பழைய கட்டுரையின் ஜெராக்ஸ் பிரதிக்கு மூன்று பேருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இன்று அந்தத் தடை இல்லை.

படம் மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள். சிலந்திகளில் பெரும்பாலானவற்றை முதிர்ந்த நிலையில், அதுவும் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்க முடியும். வளர்ந்த ஆண் சிலந்தியின் வாய்க்குப் பக்கத்தில் இரண்டு சின்ன உணர்கைகள் இருக்கும். அவற்றின் நுனி குத்துச்சண்டைக்காரர் கையுறை போட்டதுபோல் புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்குள் உள்ள முள், வளைவு, மடிப்புதான் இனத்தின் அடையாளம். நிறமும் கோடும் ஏமாற்றும்.

சரியாகச் செய்த வேலைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் மேற்குத் தொடர்ச்சி மலையின் 'திராவிடோகெக்கோ' பல்லிகள். 1875-ல் குந்தர் ஆனைமலைப் பல்லி ஒன்றுக்கு 'அனமாலென்சிஸ்' என்று பெயர் வைத்தார். 1933-ல் ஸ்மித் அதைத் 'திராவிடோகெக்கோ' என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார். அந்தப் பேரினத்தில் ஒரே ஓர் இனம்தான் என்று பல பத்தாண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். 2019-ல் ஓர் ஆய்வுக்குழு மலைமலையாக மாதிரிகள் சேகரித்து, மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, மேலும் ஆறு இனங்களை விவரித்தது. எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி பழுப்புப் பல்லிகள். வேறுபாட்டை நிறுவ அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது, பழைய பெயர் எந்தப் பல்லிக்கு உரியது என்ற தெளிவு. 'அனமாலென்சிஸ்' எது என்று தெரியாமல் மற்றவை அது இல்லை என்று சொல்ல முடியாது. அளவுக்கல் இருந்தால்தான் பக்கத்து நிலத்தை அளக்க முடியும்.

எலும்பு தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அரியலூர், பெரம்பலூர் பக்கம் குளம் வெட்டும்போது உருண்டைக் கற்கள் கிடைக்கும். உடனே 'டைனோசர் முட்டை' என்று செய்தி பரவும். அந்தப் பகுதி ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது. அங்கே அதிகம் கிடைப்பவை அம்மோனைட் போன்ற கடல் உயிர்களின் படிவங்கள். உருண்டைகள் பலவும் அவற்றைச் சுற்றிப் படிவு திரண்டு இறுகியவை. உண்மையான டைனோசர் முட்டைகள் மத்தியப் பிரதேசத்தின் நர்மதைப் பகுதியில் ஏராளம். தார் மாவட்டத்திலிருந்து 92 கூடுகளும் 256 முட்டைகளும் 2023-ல் பதிவாகின. முட்டைகளுக்கும் காலடித் தடங்களுக்கும் தனியாகப் பெயர் வைக்கிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முட்டை இட்டது எந்த விலங்கு என்று உறுதியாகத் தெரியாததால், முட்டையின் பெயர் முட்டைக்கு மட்டும்தான்.

இரண்டாம் படி: கை வைப்பதற்கு முன் அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தாண்டிப் போக வேண்டாம். இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. காட்டிலிருந்து பல்லி, தவளை எதையும் எடுக்குமுன் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். இலங்கையில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். அனுமதி எண் இல்லாத மாதிரியை நல்ல ஆய்விதழ்கள் தொடுவதில்லை. தனியாளுக்கு இது கடினம். ஆகவே கல்லூரி அல்லது ஆய்வு நிறுவனத்தில் அந்தக் குழுவை ஏற்கெனவே ஆராய்கிற ஒருவரோடு சேர்ந்து செய்வதே நடைமுறை வழி.

புதைபடிவம் கண்ணில் பட்டால் பெயர்த்தெடுக்காதீர்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், ஜிபிஎஸ் குறியுங்கள், எந்தப் பாறை அடுக்கில் இருக்கிறது என்பது தெரியும்படி தூரத்திலிருந்தும் ஒரு படம் எடுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறைக்கோ தெரிவியுங்கள். அடுக்கு தெரியாத எலும்புக்கு வயது சொல்ல முடியாது.

மூன்றாம் படி: கல்லை நடுவது

ஒரு மாதிரியைத் தேர்ந்து, "இதுவே ஹோலோடைப்" என்று கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2000-க்குப் பிறகு இது கட்டாயம். அது எந்தச் சேகரிப்பில், எங்கே இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். கூடவே ஆராய்ந்த மற்ற மாதிரிகளைப் பாராடைப் என்பார்கள். அவை துணைச் சாட்சிகள். டைனோசர் என்றால் ஒரே விலங்கின் எலும்புகள் என்று உறுதியாகத் தெரிகிற தொகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு ஹோலோடைப் ஆகலாம். பக்கத்தில் கிடந்த இன்னொரு விலங்கின் தொடையெலும்பை அதோடு சேர்த்துவிட்டால் பின்னால் பெரிய குழப்பம் வரும்.

மாதிரியை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளக் கூடாது. 2002-ம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், புது இனம் கண்டறிபவர் அதற்கென்று அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்கிறது. விலங்குகளுக்கு முதன்மையானது கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை. சென்னையிலும் அதன் மண்டல மையம் இருக்கிறது.

இப்போது ஒரு பாட்டிலைக் கிட்டத்தில் பார்ப்போம். விரல் நீளக் கண்ணாடிக் குழாய், அதில் எழுபது சதவீத ஆல்கஹால், அடியில் ஒரு சிலந்தி. சிலந்தியோடு உள்ளேயே ஒரு சீட்டு கிடக்கும், வெளியே ஒட்டியது அல்ல. ஊர், மாவட்டம், அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, சேகரித்தவர், எந்த இடத்தில் இருந்தது: "ஓடைக்கரை, காய்ந்த இலைக்கு அடியில், இரவு 8 மணி." இவ்வளவும் பென்சிலிலோ இந்தியன் இங்க்கிலோ எழுதியிருக்க வேண்டும். என் முதல் வருடத்தில் பதினொரு சிலந்திகளின் சீட்டுகளைப் பால்பாயின்ட் பேனாவில் எழுதினேன். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது சீட்டுகள் வெள்ளையாக இருந்தன, ஆல்கஹால் இளநீலமாக இருந்தது. எது எந்த ஊர் என்று எனக்கு இன்றும் தெரியாது. அதில் இரண்டு வேறு எங்கும் நான் காணாதவை. ஊர் தெரியாத மாதிரியை வைத்து யாரும் எதுவும் நிறுவ முடியாது. மரபணு ஆய்வுக்கு ஒரு கால் அல்லது சிறு தசைத் துண்டைத் தனியாகச் சுத்த எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் பட்டால் மரபணு சிதைந்துவிடும்.

இந்தப் படியைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணமாக இரண்டு டைனோசர்கள் இருக்கின்றன.

ஒன்று ஜபல்பூரில் கிடைத்தது. 1828-ல் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே வால் முள்ளெலும்புகளைக் கண்டெடுத்தார். 1877-ல் லைடெக்கர் அவற்றுக்கு 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார். பிறகு அந்த எலும்புகள் எங்கே போயின என்றே தெரியாமல் போயிற்று. 2012-ல் கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பிலேயே அந்த எலும்பு திரும்பக் கிடைத்தது. சேகரிப்பில் பத்திரமாக இருந்ததால்தான் மறுபடி பார்க்க முடிந்தது.

இன்னொன்று நம் அரியலூர் மாவட்டத்தின் கல்லமேடு. 1980-களில் அங்கே மிகப் பெரிய எலும்புகள் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் 'புருஹத்காயோசாரஸ் மாட்லேயி' என்று பெயர் சூட்டினார்கள். 'பிருஹத் காய' என்றால் வடமொழியில் பேருடல். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று எழுதினார்கள், பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மற்றவர்கள் மாற்றினார்கள். உலகின் ஆகப் பெரிய நில விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்றும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் எலும்பு இல்லை. ஈரமும் மென்மையுமான எலும்புகள் எடுத்த பிறகு உதிர்ந்து பொடியாகிவிட்டன. எஞ்சியவை வரைபடங்களும், 2022-ல் வெளியான பழைய புகைப்படங்களும் மட்டும். பெயர் இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, கல் இல்லை. அந்த ஊர் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப்போகிறது.

"மாதிரியே எடுக்காமல் படத்தை வைத்துப் பெயர் வைக்க முடியாதா?" என்று உயிரைக் கொல்ல மனமில்லாதவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விதிநூல் அதை முழுதாகத் தடுக்கவில்லை. அருணாசலப் பிரதேசத்தின் குரங்கு 'மக்காகா முன்சாலா' 2005-ல் புகைப்படங்களை ஆதாரமாக வைத்தே விவரிக்கப்பட்டது. ஆனால் அது பெரிய விலங்கு, படத்தில் அடையாளங்கள் தெரியும். சின்ன உயிர்களில் படம் போதுவதில்லை, பின்னால் ஆய்பவர் எதையும் சரிபார்க்க முடியாது.

நான்காம் படி: வேறுபாட்டை எழுதுவது

கட்டுரையில் இரண்டு பகுதி கட்டாயம். முழு விவரிப்பு ஒன்று. மற்றது வேறுபாட்டுக் குறிப்பு: இந்த இனத்தை அதன் நெருங்கிய உறவுகளிலிருந்து எந்தெந்த அடையாளங்களால் பிரிக்கலாம் என்ற சுருக்கமான பத்தி. மற்றவர்கள் முதலில் படிப்பதும் கடைசிவரை படிப்பதும் இந்தப் பத்தியைத்தான்.

மேலே சொன்ன டைட்டனோசாரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வால் முள்ளெலும்பு முன்பக்கம் குழிந்து, பின்பக்கம் பந்துபோல் புடைத்திருக்கும். 1877-ல் அது தனி அடையாளமாகத் தெரிந்தது. பிறகு உலகமெங்கும் அதே அமைப்புள்ள டைனோசர்கள் வரிசையாகக் கிடைத்தன. அந்த அடையாளத்தால் இனி எதையும் பிரிக்க முடியாது என்று 2003-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால் பெயர் 'ஐயத்துக்குரியது' ஆகிவிட்டது. கல் கிடைத்தும், கல்லில் பொறித்த குறி தேய்ந்துவிட்டது மாதிரி. மகாராஷ்டிராவின் டோங்கர்காவ்னில் கிடைத்து, 1997-ல் டைட்டனோசாரஸ் கோல்பெர்ட்டி என்று பெயர் பெற்றிருந்த நல்ல எலும்புக்கூட்டை அதே ஆய்வு தனிப் பேரினமாக்கியது. அதன் பெயர் 'ஐசிசாரஸ்'. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்த 'ஐசி'. புள்ளியியல் நிறுவனத்துக்கும் டைனோசருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம்; அங்கே ஒரு புவியியல் பிரிவு இருக்கிறது, இந்தியாவின் பல டைனோசர்களை வெளிக்கொண்டுவந்தது அந்தப் பிரிவுதான்.

ஆகவே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள். நான்கைந்து சேர்ந்த தொகுப்பாக எழுதுங்கள். "கொஞ்சம் பெரியது", "கருமை கூடியது" என்று எழுதாமல், எத்தனை மாதிரியில் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள்.

ஐந்தாம் படி: பெயர்

இப்போதுதான் பாட்டிக்கு வருகிறோம். லத்தீன் எழுத்து இருபத்தாறுக்குள் எழுத முடிந்தால் எந்த மொழிச் சொல்லும் ஆகும். லத்தீனோ கிரேக்கமோ கட்டாயமில்லை. எழுத்துகளைக் குலுக்கிப் போட்டு உண்டாக்கிய சொல்கூட ஆகும். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும். சீனத்தில் 2015-ல் விவரிக்கப்பட்ட சவ்வுச் சிறகு டைனோசருக்கு 'யி சி' என்று பெயர். ஆங்கில எழுத்தில் மொத்தமே நான்கு. சீன மொழியில் விசித்திரச் சிறகு என்று பொருள்.

ஆளின் பெயர் வைத்தால் விகுதி பார்க்க வேண்டும். ஆண் என்றால் கடைசியில் ஆங்கில 'ஐ' எழுத்து சேரும். கோதாவரிப் படுகையில் கிடைத்து 1975-ல் பெயர் பெற்ற 'பாராபாசாரஸ் டாகோரெய்' இதற்கு அழகான சான்று. தொடையெலும்பு மட்டும் 1.7 மீட்டர் இருந்ததால் வங்காளியில் 'பெரிய கால்' என்னும் பொருளில் 'படா பா'. எலும்புகளைத் தோண்டிய 1961 தாகூரின் நூற்றாண்டு, அதனால் 'டாகோரெய்'. பெண் என்றால் 'ஏ', 'ஈ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் சேரும். உங்கள் பாட்டி வள்ளியம்மை என்றால் 'வள்ளியம்மையே' என்று முடியும். பலரைச் சேர்த்துச் சொல்ல 'ஓரம்'. அமெரிக்காவின் மோன்டானாவில் பீபிள்ஸ் குடும்பத்தார் நிலத்தில் கிடைத்த 'மையாசாரா பீபிள்சோரம்' அப்படி வந்தது. ஊர்ப்பெயருக்கு 'என்சிஸ்': குஜராத்தில் கிடைத்த 'ராஜாசாரஸ் நர்மதென்சிஸ்'.

அடுத்தது பால். லத்தீன் இலக்கணப்படி பேரினப் பெயருக்கு ஆண்பால், பெண்பால், நடுப்பால் உண்டு. சிற்றினப் பெயர் உரிச்சொல்லாக இருந்தால் அது பேரினத்தோடு பால் ஒத்துப்போக வேண்டும். சிட்டுக்குருவிக்கு லின்னேயஸ் வைத்தது 'ஃப்ரிஞ்சில்லா டொமஸ்டிகா'. பேரினம் 'பேஸர்' ஆனதும் அது 'பேஸர் டொமஸ்டிகஸ்' ஆயிற்று. இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது: பெயர்ச்சொல்லை அப்படியே வையுங்கள். பெயர்ச்சொல் பால் மாறாது. திராவிடோகெக்கோவின் 2019 இனங்களில் கொடைக்கானல் பல்லிக்கு 'தொல்பல்லி' என்று வைத்தார்கள். நம் 'தொல்', நம் 'பல்லி'. மேகமலைப் பாறைப் பல்லி ஒன்றுக்கு 2018-ல் 'ஹெமிடாக்டிலஸ் வனம்'. இந்த இரண்டு பெயரையும் உலகில் எந்த ஆய்வாளரும் இனி தமிழில்தான் உச்சரிக்க வேண்டும். அவற்றை முதன்முதலில் அச்சில் படித்த நாளில் எனக்குக் கண் கலங்கியது.

எழுத்துக்கூட்டலை முடிவுசெய்யும் முன் பத்து முறை யோசியுங்கள். 'ழ'வையும் 'ற'வையும் எப்படி எழுதுகிறீர்களோ அதுவே காலத்துக்கும். ஆனைமலையை இன்று எப்படி எழுதினாலும் அந்தப் பல்லி 'அனமாலென்சிஸ்'தான். ஒரே கட்டுரையில் இரண்டு விதமாக எழுதிவிட்டால், எது சரி என்று பின்னால் வருகிற ஒருவர் தீர்மானிக்கும்படி ஆகிவிடும்.

பேரினப் பெயர் புதிது என்றால், விலங்குலகில் வேறு எதற்கும் அது இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கோதாவரிப் பகுதியில் கிடைத்த சின்ன டைனோசருக்கு 1987-ல் சங்கர் சட்டர்ஜி, அலிக் வாக்கர் என்ற தொல்லுயிரியலாளர் நினைவாக 'வாக்கேரியா' என்று வைத்தார். அந்தப் பெயர் ஏற்கெனவே பாசிபோல் கூட்டமாக வாழும் ஒரு சின்ன நீர்வாழ் விலங்குக்கு இருந்தது. 1994-ல் முதற்பெயரின் இரண்டெழுத்தையும் சேர்த்து 'ஆல்வாக்கேரியா' என்று மாற்றினார்கள். பேரினப் பெயர்களில் ஒரு எழுத்து வேறுபட்டாலே வேறு பெயர்தான். மங்கோலிய டைனோசர் 'மோனோநைகஸ்' ஒரு வண்டின் பெயரோடு மோதியபோது எழுத்துக்கூட்டலை மட்டும் மாற்றித் தப்பியது.

உங்கள் பெயரையே வைக்கலாமா என்றால், விதி தடுக்கவில்லை. வைக்காதீர்கள். யாரையும் புண்படுத்தும் பெயரும் வேண்டாம். இன்னொருவர் அதே இனத்தில் வேலை செய்துகொண்டிருப்பது தெரிந்தால், அவரிடம் பேசிவிட்டுக் குறைந்தது ஓராண்டு காத்திருக்கச் சொல்கிறது விதிநூலின் ஒழுக்கக் குறிப்பு. மனிதர்கள் இதில்தான் அதிகம் தவறுகிறார்கள்.

ஆறாம் படி: வெளியிடுவது

பெயர் உயிர்பெறுவது வெளியீட்டு நாளில். கட்டுரையில் 'புதிய இனம்' என்ற அறிவிப்பு வெளிப்படையாக இருக்க வேண்டும். ஃபேஸ்புக் பதிவு, செய்தித்தாள் பேட்டி, மாநாட்டுச் சுருக்கம் எதுவும் வெளியீடு ஆகாது. முனைவர் பட்ட ஆய்வேடும் பொதுவாக ஆகாது. விவரிப்பு இல்லாமல் முன்கூட்டி வெளிவந்த பெயரை 'வெற்றுப் பெயர்' என்பார்கள். அதற்கு உரிமை கிடையாது, வேறொருவர் முந்திக்கொள்ளலாம். அச்சாகும்வரை பெயரை வாய்க்குள் வைத்திருங்கள்.

இணைய இதழ்களுக்குத் தனி விதி. 2012 வரை இணையத்தில் மட்டும் வந்த பெயர் செல்லாது. 2009-ல் பெரும் ஆரவாரத்தோடு இணைய இதழில் வந்த 'டார்வினியஸ்' என்ற தொல்விலங்குக்காக அவசரமாகக் காகிதப் பிரதிகள் அச்சிட வேண்டியிருந்தது. 2012 திருத்தத்துக்குப் பிறகு இணைய வெளியீடு செல்லும். ஆனால் கட்டுரையை முன்பே 'ஜூபேங்க்' பதிவேட்டில் பதிந்து, அந்தப் பதிவு கட்டுரைக்குள்ளேயே தெரிய வேண்டும். பதிவு இலவசம், சில நிமிட வேலை. இதழே செய்துவிடும் என்று நம்பாமல், மெய்ப்பு வரும்போது நீங்களே சரிபாருங்கள்.

துறைசார் அறிஞர்களின் மதிப்பீட்டை விதிநூல் கட்டாயமாக்கவில்லை. இது அதன் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. மதிப்பீடு இல்லாத இடத்தில் அவசரமாகப் போட்ட பெயரும் சட்டப்படி நிற்கும். அதைச் சுத்தம் செய்ய இன்னொருவர் வருடக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். நல்ல இதழுக்கே அனுப்புங்கள்.

அச்சேறிய பிறகு

பெயர் நிலைக்கும், கருத்து மாறலாம். 2020 மார்ச்சில் மியான்மர் பிசின் கல்லுக்குள் கிடைத்த சிறு மண்டையோட்டை உலகின் மிகச் சிறிய டைனோசர் வகைப் பறவை என்று 'ஆக்குலுடென்டாவிஸ்' எனப் பெயரிட்டார்கள். அது பல்லி வகை என்று தெரிந்து ஜூலையில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பெயர் மட்டும் நிற்கிறது, 'கண்-பல்-பறவை' என்று பொருள்படும் பெயரோடு ஒரு பல்லி.

இரண்டு பெயர் ஒரே உயிருக்கு என்று தெரிந்தால் முந்தியது நிற்கும். மார்ஷ் 1877-ல் 'அபடோசாரஸ்', 1879-ல் 'பிராண்டோசாரஸ்' என்று வைத்தார். இரண்டும் ஒன்றே என்று 1903-ல் ரிக்ஸ் சொன்னதும், புகழ்பெற்ற பிராண்டோசாரஸ் மறைந்தது. 2015-ல் எலும்புகளை மறுபடி அளந்தவர்கள் இரண்டும் வேறு என்று காட்ட, திரும்பி வந்தது. நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து அளக்க எலும்பு இருந்தது.

கடைசியாகச் செய்ய வேண்டியவை: கட்டுரைப் பிரதியைக் காப்பகத்துக்கும் அனுமதி தந்த வனத்துறைக்கும் அனுப்புங்கள். மாதிரிப் பாட்டிலில் தற்காலிகச் சீட்டோடு, பெயர் எழுதிய ஹோலோடைப் சீட்டும் சேர்ந்துவிட்டதா என்று நேரில் போய்ப் பாருங்கள். வழக்கமாக அது சிவப்பு நிறம். பழைய சீட்டை எடுத்துவிடச் சொல்லாதீர்கள், இரண்டும் உள்ளே இருக்கட்டும். அந்த இடத்துக்கு உங்களைக் கூட்டிப்போன வேட்டைத் தடுப்புக் காவலருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அவருக்காகத் தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.